மணப்பாட்டுத் தண்ணீர்

செண்பகனூர்,
கொடைக்கானல்.

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பார்கள் என நம்புகிறேன். மணப்பாடு போய்வந்த கதையில் பாதியை அம்மா தொலைபேசியிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் அங்குள்ள கிணற்றைப் பற்றி எங்கள் இருவருக்கும் இடையே ஒரு வழக்கு இன்னும் தீராமல் கிடப்பதாலும், நிலத்தடி நீரைப் படித்தவள் நீ ஒருத்திதான் என்பதாலும், என் தரப்பை எழுத்தில் வைக்கிறேன்.

நீ குறைமாதத்தில் பிறந்து மூச்சுவிடத் திணறிய இரவில், அம்மா தன் பாட்டி வழியாகக் கேட்டிருந்த மணப்பாட்டுத் திருச்சிலுவைக்கு நேர்ந்துகொண்டாள் என்பது உனக்குத் தெரியும். அந்த நேர்த்திக்கடனைச் செலுத்த எங்களுக்கு 31 ஆண்டுகள் ஆயின. டம்டம் பாறையைத் தாண்டுவதற்குள்ளேயே அம்மாவுக்கு இரண்டு முறை வாந்தி. வத்தலக்குண்டு, மதுரை, திருநெல்வேலி என்று பேருந்து மாறி மாறி, திருச்செந்தூரில் இரவு தங்கி, மறுநாள் காலையில் ராக்கெட் ஏவுதளம் அமையவிருக்கும் குலசேகரன்பட்டினத்தைக் கடந்து மணப்பாட்டை அடைந்தோம்.

கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு மணல்மேட்டின் உச்சியில் இருக்கிறது அந்த ஆலயம். 1540ஆம் ஆண்டுவாக்கில் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்த ஒரு போர்ச்சுகீசியக் கப்பலின் தலைவன், உயிரோடு கரை சேர்ந்தால் அந்த மரத்தாலேயே சிலுவை செய்து நடுவதாக நேர்ந்துகொண்டானாம். கப்பல் மணப்பாட்டில் ஒதுங்கியதும் சொன்னபடியே செய்தானாம். சிலுவைக்குப் போக எஞ்சிக் கரையில் கிடந்த மரத்துண்டில், அசுத்தத்தை மிதித்துவிட்ட ஒருவர் அறியாமல் காலைத் துடைத்ததாகவும், கால் வீங்கி வேதனைப்பட்டவருக்குக் கனவில் வந்த கட்டளைப்படி மரத்தைக் கழுவி எண்ணெய் பூசியதும் வீக்கம் வடிந்ததாகவும் சொல்கிறார்கள். தலைவனின் கதையை நான் நம்புகிறேன். கால் வீங்கியவரின் கதையை அம்மா நம்புகிறாள். இப்போதுள்ள ஆலயம் 1581இல் எழுந்தது. செப்டம்பர் 14 திருவிழாவுக்குக் கூட்டம் தாங்காது என்பதால், நாங்கள் ஆளில்லாத நாளாகப் பார்த்துத்தான் போனோம்.

வாழ்நாளில் முதல் முறையாகக் கடலைப் பார்த்த அம்மா, ஆலயத்துக்குள் நுழையாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றுவிட்டாள். கேட்டதற்கு, "இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்?" என்றாள். கோடையில் குடத்தோடு வரிசையில் நின்று பழகியவளின் கேள்வி அது.

மேட்டின் கடல் பக்கத்தில் ஒரு குகை இருக்கிறது. 1542இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் அதில் தங்கிச் செபித்தார் என்றும், அவருக்கு முன்னால் அது ஒரு சைவத் துறவியின் இருப்பிடமாக இருந்தது என்றும் சொல்லப்படுகிறது. இதை மறைக்காமல் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் குகைக்குள்தான் நம் வழக்குக்குரிய கிணறு. அலை எட்டிவிடும் தூரத்தில் இருந்தும் அதன் நீர் உப்புக் கரிப்பதில்லை. நான் இரண்டு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன், நல்ல தண்ணீர்தான். அம்மா அதைச் சவேரியாரின் புதுமை என்கிறாள்.

முப்பது ஆண்டுகள் அறிவியல் நடத்தியவன் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம், நன்னீரோ 1,000 கிராம் என்பதால், மணல்மேட்டில் இறங்கும் மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும் என்றும், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீரே இருக்கும் என்றும் மணலில் கோடு கிழித்து விளக்கினேன். திரும்பும் வழியில் திருச்செந்தூர் நாழிக்கிணற்றையும் சாட்சிக்கு அழைத்தேன். சூரபத்மனோடு போரிட்ட படையின் தாகம் தீர்க்க முருகன் வேலூன்றித் தோற்றுவித்ததாகச் சொல்லப்படும் அதுவும் கடலோரத்து நன்னீர்தான். ஒரே கடற்கரை, ஒரே மணல், ஆகவே ஒரே காரணம் என்றேன்.

"அவர்கள் இரண்டு பேருக்கும் எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. உங்களுக்குத்தான் நாற்பது அடிக் கணக்கு வேண்டியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அம்மா பனையோலைப் பெட்டி விலை பேசப் போய்விட்டாள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வேறொரு கவலை இருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் அந்த நன்னீரை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும் அல்லவா? நம் மலையில் சோலைகளை அழித்து யூகலிப்டஸ் வைத்த பிறகு ஊற்றுகள் வற்றியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தக் கிணறு இன்னும் எத்தனை காலம் இப்படியே இருக்கும் என்று கணக்கிட வழியிருந்தால் எழுது.

அம்மா ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து, நீ வரும்போது தருவதற்காக மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று நான் சொன்னதை உனக்கு எழுதக் கூடாதென்று உத்தரவு.

அன்புடன்,
அப்பா