இன்ஜின் தொங்கும் பலகையில் துளை போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பைபர் படகு கட்டும் பட்டறைகளுக்கும், கட்டிய படகில் இன்ஜினும் மற்ற சாமான்களும் மாட்டித் தருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு பழைய பைபர் படகின் பின்பலகையை, அதாவது இன்ஜின் தொங்கும் பலகையை, குடைந்தெடுத்துப் புதிதாக வைத்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். முழங்கை மடிப்பில் பைபர் தூள் இன்னும் அரிக்கிறது. எழுத்தில் எரிச்சல் தெரிந்தால் பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதிக்குக் காரணம் நீங்கள்.

வாங்கும்போது படகு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பின்புறம் புது வெள்ளைப் பெயின்ட். இன்ஜினைத் தூக்கி நிறுத்தி, அதன் கீழ்க்காலில் என் எடையைக் கொடுத்து அழுத்திப் பார்த்தபோதுதான் பலகையின் மேல்விளிம்பு மூச்சு விடுவதுபோல் அசைந்தது. சுத்தியல் பிடியால் தட்டினேன். ஓரங்களில் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டது. போல்ட்டுகளைச் சுற்றி, ஈரச் சாக்கைத் தட்டினதுபோல் ‘தொப்’. அடியில் இருந்த பழைய ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினேன்; காவி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. அந்தப் படகு கரையேறிப் பல நாளாகியிருந்தது.

பலகையை மூடியிருந்த உள்பக்கப் பைபர் தோலை, சுற்றிலும் இரண்டு அங்குல விளிம்பு விட்டு, கிரைண்டரால் அறுத்து எடுத்தேன். உள்ளே இரண்டு பிளைவுட் பலகைகளை ஒட்டி ஒன்றரை அங்குலக் கனத்தில் வைத்திருந்தார்கள். வைத்திருந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நடுப்பகுதியைக் கையாலேயே அள்ள முடிந்தது. ஆனால் மேல்மூலைகள் இரண்டிலும் அதே பிளைவுட், அதே வயது, அதே பசை, உளியின் முனையை மழுக்கிவிட்டது. அங்கே மரத்தின் வாசனைகூட இருந்தது.

அந்த மூலைகள்தான் என்னை யோசிக்க வைத்தன. மார்க்கரை எடுத்து, மிஞ்சிய வெளித்தோலின் உட்புறத்தில், எங்கெல்லாம் மரம் மக்கியிருந்ததோ அங்கெல்லாம் கோடு போட்டேன். ஒவ்வொரு கறுப்புத் திட்டும் ஒரு துளையைச் சுற்றியே இருந்தது. இன்ஜின் போல்ட் நான்கு, அடியில் தண்ணீர் வடியும் குழாய், ஆழம் பார்க்கும் கருவிக்கு இரண்டு ஸ்க்ரூ, ஏணிக்கு நான்கு. துளை இல்லாத இடத்தில் மரம் மரமாகவே இருந்தது.

ஆகவே மரத்தைத் திட்டாதீர்கள். உலர்ந்த மரம் மக்குவதில்லை. பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் வேண்டும். மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே ஈரம் இருக்கும்வரை அதற்கு அங்கே வேலையில்லை. ஆனால் நீங்கள் போடும் துளை பிளைவுட்டின் ஒவ்வொரு அடுக்கிலும் நாரின் வெட்டுவாயைத் திறந்துவிடுகிறது. அந்த வாய் தண்ணீரை உறிஞ்சி, நார் வழியே வெகுதூரம் கொண்டுபோகும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர, இரண்டு பக்கமும் பைபர் தோல் விடாது. இதில் கடல்நீரைவிட மழைநீர்தான் மோசம். உப்பு கொஞ்சமாவது பூஞ்சையைத் தடுக்கும், நல்ல தண்ணீருக்கு அந்தக் குணமும் கிடையாது.

“சீலண்ட் போட்டுத்தானே முடுக்குகிறோம்” என்பீர்கள். துளையை அடைக்கும் அந்தப் பசையைப் போடுகிறீர்கள், தெரியும். ஆனால் அந்தப் பலகை சும்மா நிற்கவில்லை. புரொப்பெல்லர் தண்ணீருக்கடியில் தள்ளும்போது இன்ஜின் பிராக்கெட்டின் அடிப்பகுதி பலகையை அழுத்துகிறது, மேல் போல்ட்டுகள் பின்னால் இழுபடுகின்றன. அலையில் ஒவ்வொரு முறை படகு விழும்போதும் இன்ஜினின் மொத்த எடையும் அந்த இடத்தில்தான் குலுங்குகிறது. என்றைக்காவது ஒருநாள் சீலண்ட் விட்டுப்போகும். அன்று அதற்குப் பின்னால் பூச்சில்லாத வெறும் மரம் வாயைத் திறந்துகொண்டு நிற்கக் கூடாது என்பதுதான் என் கோரிக்கை.

உங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை இது. அரை அங்குல போல்ட்டுக்கு முக்கால் அங்குலத் துளை போடுங்கள். சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் (இரண்டு பாகம் கலந்தால் கெட்டியாக இறுகும் ரெசின்) அதை நிரப்புங்கள். இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். போல்ட் எபாக்ஸிக் குழாய்க்குள் போய்வரும். மரத்தை அது தொடவே தொடாது. முடுக்கும்போது மரம் நசுங்காது என்பது கூடுதல் லாபம். தண்ணீர் வடியும் குழாய்க்கும் இதையே செய்யுங்கள். அது எப்போதும் தண்ணீர் தங்குகிற இடம். சின்னச் சாமான்களுக்குப் பலகையைத் துளைக்கவே வேண்டாம். கெட்டி பைபர் துண்டு ஒன்றை வெளியே ஒட்டி, அதற்குள்ளேயே ஸ்க்ரூவை நிறுத்திவிடலாம். கைவேலை மொத்தம் ஒரு மணி நேரம் பிடிக்குமா? எபாக்ஸி இறுக ஒரு நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தப் போய்த்தான் என் ஒன்றரை மாதம் போனது.

பழுதுபார்க்கிறவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. என் படகு ஏற்கெனவே ஒருமுறை “சரிசெய்யப்பட்ட” படகு. யாரோ வெளித்தோலில் வரிசையாகப் பொடித் துளைகள் போட்டு, பிசின்போல் இறுகும் நீர்த்த ரெசினை உள்ளே ஊற்றி, பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தண்ணீர் குடித்த மரத்துக்குள் ரெசின் போக இடமேது? சேறாகிப்போன மரத்துக்கு நடுவே வேலம்பிசின் உருண்டைகள் மாதிரி அங்கங்கே கட்டியாகக் கிடந்தது. பூசி மெழுகுவது என்று தமிழில் சொல்கிறோமே, அதை இவ்வளவு நேராகக் கண்ணால் பார்த்ததில்லை. மரம் போயிருந்தால் திறந்து எடுங்கள், வேறு வழி கிடையாது.

எடுத்த பிறகு நான் செய்தது பெரிய சாகசமில்லை. மின்விசிறி வைத்து நன்றாக உலரவிட்டு, அட்டையில் அளவு வெட்டி, இரண்டு மரைன் பிளைவுட்டை எபாக்ஸியால் ஒட்டி, விளிம்புகள் குடிக்கக் குடிக்க மூன்று முறை எபாக்ஸி பூசினேன். பிறகு வெளித்தோலோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி, மூலைகளை வளைவாக நிரப்பி, மேலே எபாக்ஸியில் நனைத்த பைபர் துணி அடுக்கினேன். புதுத் துணி பழைய தோலில் ஏறும் இடத்தை, கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தூள் பறந்ததெல்லாம் இந்தக் கட்டத்தில்தான். பாலியெஸ்டர் ரெசின் மலிவு என்பது உண்மை. ஆனால் என்றோ இறுகிப்போன பழைய பைபரில் எபாக்ஸி பிடிக்கும் பிடி அதற்கு வராது. வழக்கமான சாப்டு மேட்டை, அதாவது நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பை, எபாக்ஸியோடு போட்டு ஒரு மீட்டர் வீணாக்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த மேட்டைக் கட்டிவைத்திருக்கும் பசை பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எபாக்ஸியில் விறைத்துக்கொண்டே நிற்கும். இரண்டு திசையில் இழை அடுக்கித் தைத்த பையாக்சியல் துணிக்கு மாறிய பிறகுதான் வேலை ஓடியது.

மரமே வேண்டாம், மக்காத போம் பலகை வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வையுங்கள், நல்லதுதான். ஆனால் அடைக்காத துளை வழியே தண்ணீர் அங்கேயும் போகும்; போல்ட் துருப்பிடிக்கும், தோல் பிரியும்.

இன்னொன்றும் கேட்கிறேன். உள்ளே என்ன பலகை, எவ்வளவு கனம், எந்தத் துளைகளுக்கு எபாக்ஸிக் குழாய் உண்டு, இவற்றை ஒரு சீட்டில் எழுதி படகுக்குள் ஒட்டிக் கொடுங்கள். இருபது வருஷம் கழித்து சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டு நிற்கப்போகிறவர் உங்களை நினைத்துக்கொள்வார்.

அறுத்தெடுத்த பழைய பலகையில் ஒரு துண்டை, போல்ட் ஓட்டையோடு, காயவைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். எந்தப் பட்டறை கேட்டாலும் கொண்டுவந்து காட்டுகிறேன். கையில் வாங்கும்போது மட்டும் கீழே ஒரு தாள் விரித்துக்கொள்ளுங்கள், உதிரும்.

இப்படிக்கு,
ஒரு பழைய படகின் புது உரிமையாளர்