உன் போனில் ஏன் பேச முடியவில்லை

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது.

மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய புதுப் போனில் இன்டர்நெட் ஓடுகிறது, வாட்ஸ்அப் வருகிறது, ஆனால் சாதாரண அழைப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது, கடையில் பழுது என்று சொல்லிவிட்டார்கள் என எழுதியிருந்தாய். அது பழுதாக இருக்காது என்றே நினைக்கிறேன். திருப்பி அனுப்பிவிடாதே.

முன்பெல்லாம் 4ஜி போனாக இருந்தாலும், அழைப்பு வந்த நொடியில் அது சத்தமில்லாமல் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேச வைக்கும். பழைய நெட்வொர்க்கை மூடிவிட்ட இடங்களில் இறங்குவதற்குப் படி இல்லை. குரலும் 4ஜி வழியாகவே போக வேண்டும். அதைத்தான் வோல்ட்டி என்கிறார்கள். அதற்கு அந்தந்த சேவை நிறுவனத்துக்கான செட்டிங்ஸ் போனின் மென்பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணைப் பார்க்கின்றன. அதன் 15 இலக்கங்களில் முதல் 8 எந்த மாடல் என்பதைச் சொல்லிவிடும். தங்கள் பட்டியலில் இல்லாத மாடல் என்றால் டேட்டாவை அனுமதித்துக் குரலை மட்டும் மறுத்துவிடும். ஒரே பெயரில் வரும் போன் கூட, வேறு நாட்டுக்கென்று செய்த வகை என்றால் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். *#06# அழுத்தினால் உன் போனின் ஐஎம்இஐ எண் திரையில் வரும். அதைச் சொல்லி, ‘இந்த மாடலுக்கு வோல்ட்டி தருகிறீர்களா’ என்று சேவை நிறுவனத்திடம் நேராகக் கேள். முதலில் போனின் மென்பொருளை அப்டேட் செய்துவிட்டுக் கேட்பது நல்லது. பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து பழைய பட்டியல்கள்தான் மனதில் ஓடுகின்றன. வழவழ தாளில் அச்சடித்து, நெட்வொர்க் கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் போன் பட்டியல்களை நாம் எப்படி ஆராய்வோம்! எந்த போன் உலகத்துக்கு வர வேண்டும், அதில் என்ன வசதி இருக்க வேண்டும் என்பதை அந்தக் காலத்தில் பெரும்பாலும் அவர்கள்தான் தீர்மானித்தார்கள். ஜப்பானில் 1999இல் டோகோமோ என்ற நெட்வொர்க், போனிலேயே இணையம் பார்க்கும் ஐ-மோட் சேவையைத் தொடங்கியது. போன் செய்கிறவர்கள் அதற்கேற்பச் செய்துகொடுத்தார்கள். 2000இல் அங்கே ஜே-போன் என்ற நெட்வொர்க்குக்காக ஷார்ப் செய்த கேமரா போனில் படம் எடுத்து அப்படியே அனுப்பலாம். 2002இல் வோடஃபோன் தன் ‘லைவ்’ என்ற போன் இணையச் சேவையைத் தொடங்கியபோது முன்னால் வைத்ததும் ஷார்ப் போன்தான். போன் செய்யும் தைவான் கம்பெனி எச்டிசியை நினைத்துப் பார். 2006 வரை அதன் பெயரே வெளியே பெரிதாகத் தெரியாது. ஆரஞ்சின் எஸ்பிவி, ஓ2வின் எக்ஸ்டிஏ எல்லாம் அவர்கள் கைவேலை, மேலே இருந்ததோ நெட்வொர்க்கின் பெயர்.

அதில் நல்லதும் இருந்தது, மறுக்கமாட்டேன். கேமராவும் வண்ணத்திரையும் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அந்தக் கம்பெனிகள் கொட்டிய பணம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் வசதிகள் வந்ததே அவர்கள் சேவையை விற்கத்தான். சரியாக நடுவில், கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் இடத்தில், நெட்வொர்க்கின் இணையப் பக்கத்தைத் திறக்கும் ஒரு பொத்தான் வைப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? பையில் அது அமுங்கினாலும் இணைப்புப் போகும், காசும் போகும். அதற்கு வேறு வேலை கொடுக்கவும் விடமாட்டார்கள். தங்களுக்கு ஆகாத வசதியை வெட்டியும் எடுத்தார்கள். அமெரிக்காவில் வெரைசன் 2004இல் விற்ற மோட்டரோலா வி710இல் புளூடூத் இருந்தும் படத்தை அதன் வழியே கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியாது. வாடிக்கையாளர்கள் வழக்கே போட்டார்கள். 2007இல் பிரிட்டனில் வோடஃபோனும் ஆரஞ்சும் நோக்கியா என்95ஐ விற்றபோது, இன்டர்நெட் வழியே பேசும் வசதியை எடுத்துவிட்டே கொடுத்தன. நோக்கியா கொடுத்த வசதி அது! இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அதே 2007இல்தான் ஐபோன் வந்தது. வசதிகளை மட்டும் எண்ணினால் என்95 பக்கத்தில் அது நிற்கவே முடியாது. 3ஜி இல்லை, படம் அனுப்பும் எம்எம்எஸ் இல்லை, வீடியோ எடுக்க வராது. அமெரிக்காவில் ஒரே ஒரு நெட்வொர்க் கம்பெனியிடம்தான் கிடைத்தது, ஏடி&டி; அங்கே வெரைசனுக்கு அது வந்ததே 2011இல்தான். ஆனாலும் போன் மேல் ஏடி&டியின் பெயர் கிடையாது, அவர்கள் திணித்த ஆப் கிடையாது, அப்டேட் நேராக ஆப்பிளிடமிருந்து வரும். தொடுதிரையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு இதுதான் பெரிய மாற்றமாகப் பட்டது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல நெட்வொர்க்கின் பட்டியலுக்கு மதிப்புக் குறைந்தது. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து, பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து, ஒரே நெட்வொர்க்கில் மட்டும் ஓடும்படி லாக் போட்ட போனை நெட்வொர்க் கம்பெனிகள் விற்கவே கூடாது என்று ஆனது.

சரி, விடுதலை கிடைத்துவிட்டது என்றுதான் நானும் இருந்தேன். உன் போன் கதை வேறு மாதிரி சொல்கிறது. கடையில் தாளில் இருந்த பட்டியல் இப்போது நெட்வொர்க்கின் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. முன்பாவது அதைக் கையில் எடுத்துப் படிக்க முடிந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜியை நிறுத்தியபோது, 4ஜி வழியே அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கிலேயே சேர்க்கக்கூடாது என்று விதி போட்டார்கள். ஆபத்தில் அழைப்பு போகாமல் ஒருவர் தவிக்கக்கூடாது என்ற அக்கறை நியாயமானதுதான். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த போனை வைத்திருந்தவர்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். எந்தெந்த மாடலில் பேசலாம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் முழுதாக வெளியிட வேண்டும், வாங்குவதற்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். இந்த அளவுக்காவது செய்யலாமே.

போனுக்குள்ளேயே பதிந்து வரும் இ-சிம் பற்றியும் கேட்டிருந்தாய். 2022இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இலேயே சிம் போடும் தட்டை எடுத்துவிட்டார்கள். வெளியூர் போகிறவர்களுக்கு வசதிதான். ஆனால் போன் நின்றுபோனால் சிம்மைக் கழற்றி இன்னொன்றில் போட்டு அடுத்த நிமிடமே பேசினோமே, அதற்கு ஈடாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. இ-சிம்மை மாற்ற, சில நிறுவனங்களிடம் இன்னும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. முடிகிற வரை தட்டு உள்ள போனாகவே வாங்கு.

அப்புறம், நல்ல செய்தியும் உண்டு. கூகுள் பிக்சல் 8இலும் சாம்சங் எஸ்24இலும் 7 வருடம் அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மடிக்கும் திரையை விட, எத்தனை கேமரா என்பதை விட, இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அம்மாவுக்குப் பட்டன் போன் வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். 4ஜி உள்ளதா என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதே. வோல்ட்டி உண்டா என்று கேள். கடையிலேயே அம்மாவின் சிம்மைப் போட்டு, எனக்கு ஒரு அழைப்பு போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. எந்த நேரமானாலும் எடுக்கிறேன்.

அன்புடன்,
மணி