பேரிஜத்தில் கூடாரம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொடைக்கானலில் இருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், காட்டுக்குள் இருக்கிறது பேரிஜம் ஏரி. வனத்துறை அனுமதி வாங்கித்தான் போக வேண்டும், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். "ராத்திரி கூடாரம் போட்டுத் தங்க விட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் பெரியகுளத்துக்குக் குடிநீர் தருவது அந்த ஏரிதான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் பிள்ளைகளோடு போயிருந்தோம். எதிர்க்கரையில் காட்டுமாடுகள் கூட்டமாக நின்றன. தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு கன்று தண்ணீர் குடித்தது. யாரோ காரில் பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். மொத்தக் கூட்டமும் தலையைத் தூக்கியது, அப்புறம் கரையில் ஒன்றுகூட இல்லை.

பகலிலேயே இப்படி. இரவில் தண்ணீருக்கு வரும் யானையின் வழியில் கூடாரமும் விளக்கும் இருந்தால் என்ன ஆகும்? கோடையில் புல்வெளி காய்ந்து கிடக்கும்போது, அணைக்காமல் விட்ட ஒரு அடுப்பு போதும். சோலைக்காடு எரிந்தால் நம் ஆயுளில் திரும்ப வளராது. மழையைப் பிடித்து வைத்து ஓடைகளில் மெல்லக் கசியவிடுவது அந்தச் சோலையும் புல்லும்தான்.

2013-ல் சரணாலயமான காடு இது. கூடாரத்தில் தூங்க ஆசை இருந்தால் சரி, ஊரை ஒட்டிய தோட்டங்களில் தங்கலாம். விடுமுறைக் கூட்டத்துக்காகக்கூட ஏரிக்கு அனுமதிக்கும் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். அடுப்பு, ஸ்பீக்கர் இருக்கிறதா என்று சோதனைச் சாவடியிலேயே பார்த்து அனுப்ப வேண்டும்.

- வாசகி, பெரியகுளம்