செல்வாவுக்கு, கியர்பாக்ஸ் விஷயமாக

மிச்சிகன்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வா,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? சுந்தரம் வீட்டுக் கல்யாணத்துக்கு வர முடியாததற்கு அவனுக்குத் தனியாக எழுதிவிட்டேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன். '47 ஃபோர்டின் கியர்பாக்ஸை இறக்கிவிட்டேன்.

"மூணு கியர் போதாதாடா உனக்கு?" என்று நீ கத்துவது எனக்கு இங்கே கேட்கிறது. கத்து. ஆனால் கணக்கைப் பார். பின்னச்சு விகிதம் 3.78, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற தண்டு 3.78 சுற்று சுற்றவேண்டும். அறுபது மைல் வேகத்தில் என்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 2,700 சுற்று ஓடுகிறது. இழுவைக்குக் குறையில்லை, சூடுதான் தொல்லை. இந்தப் பழைய ஃபிளாட்ஹெட் என்ஜினில் வால்வெல்லாம் மேலே இல்லை, பிளாக்குக்குள். எக்ஸாஸ்ட் பிளாக்கைக் குடைந்துகொண்டுதான் வெளியே வரவேண்டும். அதிலும் இரண்டு பக்கமும் நடு சிலிண்டர் இரண்டுக்கும் ஒரே வாய். அந்தச் சூடு முழுக்க ரேடியேட்டர் தலையில். அதற்குப் பதிலாகப் போடுகிற ஃபோர்டு மஸ்டாங்கின் டி5 என்ற ஐந்து கியர் பெட்டியில் ஐந்தாவது கியர் விகிதம் 0.68. அதே வேகத்துக்கு 1,850 சுற்று போதும். எனக்கு வேறு காரணமே வேண்டாம்.

மஸ்டாங் பெட்டியை அப்படியே மாட்டினால் கியர் கம்பி சீட்டுக்கு அடியில் வந்து நிற்கும். அதனால் ஷெவர்லே எஸ்-10 பிக்கப்பின் வால்பகுதியைச் சேர்த்தேன். கம்பி முன்னால் வந்துவிட்டது. கிளட்சிலிருந்து பெட்டிக்குள் போகும் உள்தண்டு பழையதில் பருமன், புதியதில் மெலிசு. ஆகவே கிளட்ச் பிளேட்டும் மாறியது. இதெல்லாம் காசு கொடுத்தால் தீருகிற வேலை.

பழைய என்ஜினையும் புதுப் பெட்டியையும் இணைக்கிற அடாப்டர் பிளேட் அப்படியில்லை. கடையில் வாங்கியதை நம்பி முடுக்க மனம் வரவில்லை. பிளேட்டின் துளை என்ஜினின் நடுவுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க, டயல் கேஜை ஃபிளைவீலில் நிறுத்தி, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். முள்ளின் மொத்த ஆட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துக்குள் இருக்கவேண்டும்; கிட்டத்தட்ட அதற்கு இரண்டு மடங்கு ஆடியது! அப்படியே மாட்டியிருந்தால் உள்தண்டைத் தாங்குகிற பைலட் பேரிங்கும் முன் பேரிங்கும் சீக்கிரம் போயிருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்து, பிளேட்டை நகராமல் பிடிக்கிற டவல் பின்னுக்குப் புதுத் துளை ரீமர் போட்டு முடித்தேன். நம் லேத் மாஸ்டர் பார்த்திருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

இப்போது என் தூக்கத்தைக் கெடுப்பது பின்பக்கம். 1948 வரை ஃபோர்டு கார்களில் டார்க் டியூப், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குப் போகும் சுழல்தண்டை மூடியிருக்கும் குழாய். சக்கரம் காரைத் தள்ளுகிற விசை முழுவதும் அந்தக் குழாய் வழியாகக் கியர்பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து மவுண்டிங் வழியாகத்தான் சேஸிஸுக்குப் போகிறது. அச்சைப் பிடித்துவைக்கும் ரேடியஸ் ராடு இரண்டும் அதே குழாயின் முன்நுனியில்தான் பிடித்திருக்கின்றன. டி5-க்கு மூடாத தண்டு, அதாவது ஓப்பன் ஷாஃப்ட், போட்டால் குழாய் போய்விடும். குறுக்கே இருக்கும் ஒற்றை லீஃப் ஸ்பிரிங் எடையைத் தாங்குமே தவிர, அச்சை முன்பின் பிடித்துவைக்காது. கியர்பாக்ஸை மட்டும் மாற்றிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு இதில் அலட்சியமாக இருந்தால் ஆள் செத்துப்போவான் செல்வா. இதில் எனக்கு விளையாட்டே கிடையாது.

ராடுகளைத் தனித்தனியே சேஸிஸில் பிடிக்கலாம். ஆனால் ஒரு சக்கரம் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் ஏறும்போது அச்சு முறுக்கும். '49-இல் ஃபோர்டே செய்தது போல இரண்டு பக்கமும் நீளவாக்கில் லீஃப் ஸ்பிரிங் போடத்தான் எனக்கு ஆசை. சேஸிஸில் வெல்டிங் கூடாது, எல்லாம் போல்ட்தான். பழைய பெட்டியையும் டியூபையும் கிரீஸ் பூசிக் கட்டிவைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு யாராவது பழையபடி மாற்ற நினைத்தால் மாற்றட்டும்.

நீ செய்யவேண்டியது ஒன்றுதான். லாரி பாடி கட்டுகிற பட்டறைகளில் இத்தனை வருஷம் ஸ்பிரிங் வேலை பார்த்தவன் நீ. ஸ்பிரிங்கின் முன்நுனியைச் சேஸிஸில் பிடிக்கிற ஹேங்கர் எந்தக் கோணத்தில் இருக்கவேண்டும், பிராக்கெட்டுக்கு என்ன கனத் தகடு என்று ஒரு காகிதத்தில் வரைந்து அனுப்பு. அளவெல்லாம் இதோடு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் தகடு வெட்டக் கொடுக்கவேண்டும், அதனால் சீக்கிரம்.

உன்,
பாலு