அந்த லீவு வேலை ஞாபகம் இருக்கிறதா, மாப்ளே?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் நேற்று வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். அதைப் பற்றி அப்புறம் ஆற அமர எழுதுகிறேன். கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, பின்பக்கக் கொட்டகையின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ஆள் விட்டு உடைத்து, அந்தத் துண்டுகளையே முற்றத்துப் பள்ளத்தில் போட்டு நிரப்பப்போகிறேன் என்று. வேலை இன்னும் தொடங்கவில்லை என்றால் தொடங்காதே. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமான கதை.

போன மாதம் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் ஏதோ இருக்கிறது என்று சிடி ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்கள். படத்தைப் பார்த்த டாக்டரம்மா, நம் பெண்கள் வயசுதான் இருக்கும், "சார், நீங்கள் ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் பேங்க் கிளார்க்கும்மா என்று சிரித்தேன். நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வில் அங்கங்கே சுண்ணாம்பு படிந்த திட்டுகள் இருக்கின்றன, இது பெரும்பாலும் அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களுக்குத்தான் வரும் என்றார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்து, ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு வந்தபோதுதான் மாப்ளே ஞாபகம் வந்தது, 84, 85 இரண்டு கோடை லீவிலும் நாம் ஷீட் கடையில் வேலை பார்த்தது.

ஆக்சா பிளேடு வைத்து ஷீட் அறுப்போமே! ஒருவன் மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கிக்கொள்ள, இன்னொருவன் அறுக்க, மாவு மில்லில் இருந்து வந்தவன் மாதிரி புருவமெல்லாம் வெள்ளையாக நிற்போம். சாயங்காலம் அந்தத் தூளைப் பெருக்கித் தள்ளுவதும் நாம்தான். அம்மா நம் சட்டைகளை வாசலில் உதறி உதறித் துவைப்பாள். வெளிநாடுகளில் ஆலைத் தொழிலாளிகளின் துணியைத் துவைத்த மனைவிகளுக்கே மீசோதீலியோமா என்கிற புற்றுநோய் வந்திருக்கிறது என்று படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அம்மா போனது சர்க்கரையால்தான், அந்த மட்டும்.

பயப்படாதே. எனக்கு இருக்கிற திட்டுகள் புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறவும் மாறாது, வைத்தியமும் தேவையில்லை. ஆனால் அந்தத் தூசி உள்ளே போனதற்கு அது சாட்சி. கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், அதன் இழை கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி, நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். உடம்பு அதைக் கரைக்கப் பார்க்கும், முடியாது, அந்த இடத்தில் வருஷக்கணக்கில் புண்ணும் தழும்புமாக இருந்துகொண்டே இருக்கும். பல வருஷம் அதிலேயே கிடந்தவர்களுக்கு நுரையீரல் இறுகி மூச்சு வாங்கும், அதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். மீசோதீலியோமா என்பது அந்தச் சவ்விலேயே வருகிற புற்றுநோய். தூசியைச் சுவாசித்து முப்பது, நாற்பது வருஷம் கழித்துக்கூட வரும். குறைவான தூசி என்றால் ஆபத்தும் குறைவு, ஆனால் இந்த அளவு வரை பயமே இல்லை என்று யாரும் கோடு போட்டுக் கொடுக்கவில்லை.

உனக்கு இன்னொன்று. சிகரெட்டுக்கும் மீசோதீலியோமாவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நுரையீரல் புற்றுநோய் விஷயத்தில் சிகரெட்டும் கல்நாரும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. நீ இன்னும் ஒரு நாளைக்கு ஐந்து என்று எழுதியிருக்கிறாய், ஐந்தா பத்தா என்று எனக்குத் தெரியும். விட்டுத் தொலை.

1995-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பைப் படித்தேன். கல்நார்த் தொழிலாளியின் உடல்நிலைப் பதிவை, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 வருஷம் அல்லது வேலையை விட்டு 15 வருஷம், இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை வைத்திருக்க வேண்டுமாம். தினக்கூலிக்கு அறுத்த நமக்கு யார் பதிவு வைத்தார்கள்? என் ராத்திரி ஒரு மணி ஞாபகம்தான் பதிவு. இங்கே கல்நாரைத் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் ரஷ்யாவிலிருந்து வாங்கி ஷீட் போடுவதை நிறுத்தவில்லை. என்ன நியாயமோ. இலங்கைக் கதை இன்னும் வேடிக்கை. அவர்கள் கல்நாரைத் தடை செய்யப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, 2017 டிசம்பரில் தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்தது என்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கை கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது, தேயிலைத் தடையும் போய்விட்டது. வண்டு எங்கே போனதோ!

சரி, உன் கொட்டகைக்கு வருகிறேன். ஷீட் விரிசல் இல்லாமல் முழுசாக இருந்தால் சும்மா இருப்பதால் பெரிய கெடுதல் இல்லை, பெயிண்ட் அடித்து அப்படியே விட்டுவிடலாம். பாசியைக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்க்காதே. எடுத்தே ஆக வேண்டும் என்றால் உடைக்கவோ அறுக்கவோ கூடாது. நன்றாகத் தண்ணீர் தெளித்து, கொக்கி போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிவைக்கச் சொல். யாரையும் ஷீட் மேல் ஏறவிடாதே, பழசு, உள்வாங்கிவிடும். கைக்குட்டை கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் வாங்கிக் கொடு. பேத்தியை அன்றைக்கு வேறு எங்காவது அனுப்பிவிடு. கழிவை எங்கே கொண்டுபோவது என்பது நம் ஊரில் பெரிய தலைவலிதான். நகராட்சியில் கேட்டுப் பார், ஆனால் பிள்ளை விளையாடுகிற முற்றத்தில் மட்டும் போட்டு மூடாதே.

அப்புறம், அடுத்த தடவை நெஞ்சு விஷயமாக எந்த டாக்டரைப் பார்த்தாலும், அவர் கேட்காவிட்டாலும் நீயாகவே அந்த ஷீட் கடையைச் சொல்லிவிடு.

நம்மோடு மூன்றாவதாக ஒருத்தன் இருந்தானே, மீன்பாடி வண்டி ஓட்டுவான், மதியம் நமக்கு முறுக்கு வாங்கித் தருவான். நாம் இரண்டு கோடையோடு போய்விட்டோம், அவன் அங்கேயே இருந்தான். மூன்று நாளாகப் பெயரை யோசிக்கிறேன், வரவில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் உடனே எழுது.

உன்,
ராமு