மாதிரி ஒன்று, சரக்கு வேறு: 60 அக்ரிலிக் அரைக்கோளங்கள் பற்றிய புகார்

அனுப்புநர்:
கொலுசுப் பட்டறை உரிமையாளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
அக்ரிலிக் பொருட்கள் ஆன்லைன் விற்பனை நிறுவனம்.

பொருள்: 100 மி.மீ. அரைக்கோளம் என்று விற்ற 60 உருப்படிகளில் 22 பயன்படாதவை. மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஜூலை 4-ஆம் தேதி உங்கள் தளத்தில் 60 அக்ரிலிக் அரைக்கோளங்களுக்கு ஆர்டர் கொடுத்தேன். ஒன்று 85 ரூபாய் வீதம் ரூ. 5,100, கூரியருக்கு ரூ. 360, ஆக ரூ. 5,460 முன்பணமாகவே கட்டிவிட்டேன். ஜூலை 21 அன்று பெட்டி வந்தது. அன்றிலிருந்து இரண்டு முறை போனில் பேசிவிட்டேன், மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். காரியம் நடக்கவில்லை என்பதால் முழு விவரத்தையும் எழுத்தில் தருகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

இந்த அரைக்கோளங்கள் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதைத் தெரிந்துகொள்ளாமல்தான் உங்கள் ஊழியர் ஒருவர் "பொம்மைக்குத்தானே சார்" என்று சொன்னார்.

டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரை பிபிசி 1963 நவம்பரில் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் டாலெக் என்ற எதிரி அதில் வந்தது. கால் கிடையாது, முகம் கிடையாது. தரையோடு வழுக்கிக்கொண்டு வரும் ஒரு கூடு, அதற்குள் ஒரு உயிர். கதை எழுதியவர் டெர்ரி நேஷன். உருவத்தை வரைந்தவர் பிபிசியில் வேலை பார்த்த வடிவமைப்பாளர் ரேமண்ட் கியூசிக். ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு இடம் பிடிப்பான் என்று பார்த்து, அவனைச் சுற்றித்தான் அந்தக் கூட்டை அவர் வரைந்தார். உள்ளே உட்கார்ந்திருப்பவர் காலால் தள்ளி நகர்த்த வேண்டும். அக்ஸ்பிரிட்ஜில் இருந்த ஷாகிராஃப்ட் என்ற பட்டறை முதலில் 4 உருவங்கள் செய்து கொடுத்தது. கம்ப்யூட்டரும் கிடையாது, பெரிய பணமும் கிடையாது. பலகை, சக்கரம், கைவேலை, அவ்வளவுதான். எனக்கு இந்த உருவத்தின் மேல் பிடிப்பு வந்ததே அதனால்தான். ஒரு பட்டறைக்காரன் பார்த்தால் இன்னொரு பட்டறைக்காரனின் கை தெரியும்.

என் வீட்டு மாடியில் முழு அளவில் ஒரு டாலெக் செய்துகொண்டிருக்கிறேன். ஒன்றரை வருட வேலை. அடித்தளம் 12 மி.மீ. பிளைவுட், அதற்குக் கீழே சக்கரங்கள். சட்டத்துக்கு வேண்டிய சில்வர் ஓக் ரீப்பர்களை ஏற்காட்டில் தச்சு வேலை பார்க்கும் என் மச்சான் இழைத்துக் கொடுத்தார். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் மரம்தான் அது. கட்டுக்கட்டாக பஸ்ஸில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அவரே கொண்டு வந்து சேர்த்தார். தலையில் எரியும் இரண்டு விளக்குகளும் பேச்சுக்கு ஏற்ப மின்ன வேண்டும். அந்தச் சர்க்யூட்டை என் மகள் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது கீழ்ப்பாவாடையில் வரும் அரைக்கோளங்கள் மட்டும்தான்.

டாலெக்கின் கீழ்ப்பாகத்தில் அரைக்கோளங்கள் 56. மேலிருந்து கீழாக நான்கு நான்காக 14 வரிசை. அந்த உருவத்தை ஒருவர் தூரத்தில் பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வது இவற்றால்தான். 1963-இல் உடல் வெள்ளி நிறம், கோளங்கள் நீலம். அப்போது கறுப்பு வெள்ளையில்தான் ஒளிபரப்பினார்கள் என்றாலும் செய்த பொருளுக்கு அந்த நிறம் இருந்தது. நானும் அதே நிறத்தில்தான் செய்கிறேன். கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் உள்பக்கமாக நீலம் அடித்தால், வெளியே பளபளப்பு அப்படியே நிற்கும். இதற்காகத்தான் உங்களிடம் வந்தேன்.

எடுத்தவுடன் 60 உருப்படி வாங்கிவிடவில்லை. மே மாதம் ஒரே ஒரு உருப்படியை மாதிரிக்கென்று வாங்கினேன். வெர்னியர் வைத்து அளந்தேன். விட்டம் 100.1 மி.மீ., உயரம் 50 மி.மீ., சுற்றிலும் 10 மி.மீ. விளிம்பு. அருமையான வேலை. அதைச் செய்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் பாராட்டு. அந்த மாதிரியை நம்பித்தான் பலகையில் 56 துளைகளை வெட்டினேன். ஜிக்சாவால் வெட்டி, அரம் போட்டு, ஒவ்வொன்றையும் 100.5 மி.மீ.க்குக் கொண்டு வந்தேன். உள்ளேயிருந்து கோளத்தைத் தள்ளினால் விளிம்பு பலகையில் உட்கார்ந்து நிற்க வேண்டும். மாதிரி உருப்படி அப்படித்தான் உட்கார்ந்தது. அப்புறம்தான் மொத்தமாக ஆர்டர் போட்டேன். உடைந்தால் இருக்கட்டும் என்று நான்கு கூடுதலாகவே கேட்டேன்.

வந்த பெட்டியைத் திறந்தபோது, 60 உருப்படிகளையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு தாள்கூட இல்லை. 7 உருப்படிகளில் விளிம்பு விரிசல் விட்டிருந்தது. சரி, வழியில் உடைந்திருக்கும் என்று ஒதுக்கி வைத்துவிட்டு மீதி 53-ஐயும் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒவ்வொன்றாக அளந்தேன். ஸ்பிரிட்டோ தின்னரோ தொடவில்லை, அக்ரிலிக்கில் அது மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கும் என்பது எனக்குத் தெரியும். 38 உருப்படிகள் மாதிரியைப் போலவே இருந்தன. மற்ற 15-இன் விட்டம் 96-இலிருந்து 97 மி.மீ. உயரம் 43-இலிருந்து 45. அவற்றின் விளிம்பை வெட்டிய விதமே வேறு. ஒரே இடத்தில் செய்தவை அல்ல என்று கையில் எடுத்தவுடன் தெரிகிறது.

இது எப்படி நடந்திருக்கும் என்பதையும் சொல்கிறேன். அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி, வளையத்தில் இறுக்கிப் பிடித்து, காற்று கொடுத்து ஊதும்போதுதான் இந்தக் கோளம் எழும்புகிறது. வளையம் எவ்வளவோ விட்டம் அவ்வளவு. எவ்வளவு ஊதுகிறோமோ அவ்வளவு உயரம். சூடு ஆறும் முன்பே காற்றை நிறுத்தினால் உச்சி இறங்கிவிடும். இந்த 15-க்கும் வளையமும் வேறு, ஆற விட்ட நேரமும் போதவில்லை. கையிருப்பு தீர்ந்துபோய் வேறு இடத்தில் வாங்கிக் கலந்து அனுப்பியிருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். கலக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மீதி வரும் வரை காத்திருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன்.

எனக்கு அரைக்கோளம் புதிதல்ல. கொலுசில் வரும் சலங்கையை இரண்டு பாதியாக அடித்துத்தான் பற்றவைக்கிறோம். ஒரு பாதி நூலளவு சின்னதாகப் போனாலும் பற்று நிற்காது, மெருகு போடும்போது காட்டிக் கொடுத்துவிடும். ஜோடிக் கொலுசில் ஒரு கால் எடை கூடி இன்னொரு கால் குறைந்தால் கடைக்காரர் மூட்டையோடு திருப்பி அனுப்புவார். நாங்களும் வாய் பேசாமல் உருக்கி மறுபடி செய்து கொடுப்போம். மாதிரி காட்டி ஆர்டர் வாங்கினால் சரக்கு மாதிரிப்படி இருக்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம்.

ஜூலை 22 அன்று உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். பேசிய பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், படங்கள் அனுப்பச் சொன்னார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெர்னியரோடு சேர்த்து 14 படங்கள் எடுத்து அன்றைக்கே அனுப்பினேன். நான்கு நாள் கழித்து ஒரு பதில் வந்தது. 5 சதவீதம் வரை அளவு கூடக் குறைய இருக்கும் என்றும், இது கஸ்டம் ஆர்டர் என்பதால் திரும்பப் பெற முடியாது என்றும் அதில் இருந்தது.

இரண்டுமே சரியல்ல. 5 சதவீதம் என்ற பேச்சு உங்கள் தளத்தில் அந்தப் பொருளின் பக்கத்திலும் இல்லை, ரசீதிலும் இல்லை. உங்கள் கணக்கையே எடுத்துக்கொண்டாலும், 50 மி.மீ. இருக்க வேண்டிய உயரம் 44 என்றால் 12 சதவீதம் குறைவு. அதற்கு அரைக்கோளம் என்ற பெயரே பொருந்தாது, அது கிண்ணம். கஸ்டம் ஆர்டர் என்பதும் தவறு. நான் எந்த அளவும் வரைந்து கொடுக்கவில்லை. நீங்கள் விலை போட்டு வைத்திருந்த பொருளைத்தான் எண்ணிக்கை சொல்லி வாங்கினேன்.

மறுபடி போன் செய்தபோது பேசியவர்தான் பொம்மைக் கதையைச் சொன்னார். "தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது சார், சின்னதை எல்லாம் பின்பக்கம் வைத்துவிடுங்கள்" என்றார்.

பின்பக்கம் என்று அதில் ஒன்று கிடையாது. சக்கரத்தில் நின்ற இடத்திலேயே திரும்பும் உருவம் அது. எல்லாப் பக்கமும் பார்வைக்கு வரும். தூரத்திலிருந்து தெரியாது என்பதும் உண்மையில்லை. சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒரு வரிசையில் மூன்று நல்லவற்றையும் ஒரு சின்னதையும் ஒட்டாமல் சும்மா பொருத்தி, மாடியின் மறுகோடியில் நின்று பார்த்தேன். விளக்கு வெளிச்சம் ஒவ்வொரு கோளத்திலும் ஒரு புள்ளியாக விழும். நல்லவை மூன்றிலும் அந்தப் புள்ளி ஒரே இடத்தில், கோடு பிடித்தாற்போல் நிற்கிறது. நான்காவதில் மட்டும் கலங்கிப் போய் வேறு இடத்தில் கிடக்கிறது. கிட்டே போனால் துளையைச் சுற்றி ஏறக்குறைய 2 மி.மீ. இடைவெளி, அதன் வழியாக விளிம்பு தெரிகிறது. எதுவும் சொல்லாமல் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாசற்படியில் நின்றபடியே "அந்தக் கடைசி ஒன்று என்ன இப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

பொம்மை என்ற சொல் எனக்கு உண்மையிலேயே வலித்தது. நாள் முழுக்கப் பட்டறையில் நின்றுவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மாடியேறி, அரம் போட்டுச் சேர்த்த வேலை இது. விற்பவர் தன் பொருளை "ஷோவுக்குத்தானே" என்று நினைத்தால், அடுத்து வாங்குபவருக்கும் இதே சரக்குத்தான் போகும். உங்களிடம் வாங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலக் கையால் ஏதோ ஒன்றைச் செய்பவர்களாகத்தான் இருப்பார்கள். விளக்குக் கூடு செய்பவர் இருக்கலாம், பள்ளிக் கண்காட்சிக்குக் கோள மண்டலம் செய்பவர் இருக்கலாம். எல்லோருக்கும் அளவுதான் ஆதாரம்.

போன நாட்களும் திரும்பி வராது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குப் பட்டறையை மூடும் மூன்று நாளை, கோளங்களுக்கு நீலம் அடித்துப் பொருத்த என்று ஒதுக்கி வைத்திருந்தேன். மச்சானும் அதற்காகவே ஏற்காட்டிலிருந்து வந்திருந்தார். இருவரும் கோவிலுக்குப் போய் வந்து, மாடியில் வெறும் துளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆயுத பூஜை அன்று வேலையை முடித்துப் பட்டறை வாசலில் நிறுத்தி, கருவிகளோடு சேர்த்து அதற்கும் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. இப்போதும் நீங்கள் மனது வைத்தால் அது நடக்கும்.

நான் கேட்பது இதுதான். மாதிரி உருப்படி எந்த வளையத்தில் செய்யப்பட்டதோ, அதே வளையத்தில் செய்த 22 அரைக்கோளங்களை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் தாள் வைத்துக் கட்டி, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அனுப்புங்கள். வந்த 22-ஐயும் உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வளையம் உங்களிடம் இப்போது இல்லை என்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள், கோபப்பட மாட்டேன். ஆனால் அப்போது 22-க்கான ரூ. 1,870 மட்டும் தருவது போதாது. மீதி 38-ஐ வைத்து ஒன்பது வரிசையும் இரண்டும்தான் முடியும். வேறு கடையில் வாங்கிச் சேர்த்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஆகவே 60-ஐயும் எடுத்துக்கொண்டு முழுத்தொகை ரூ. 5,460-ஐயும் திருப்பித் தர வேண்டும். எதையும் ஒட்டவில்லை, வண்ணம் அடிக்கவில்லை. வந்த பெட்டியிலேயே பத்திரமாக இருக்கின்றன.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் குறையுடையதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மைக்கு மாறாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. என் முதல் மின்னஞ்சலுக்கு அந்த ஒப்புகை இன்றுவரை வரவில்லை. 15 நாள் கழித்தும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அங்கே போக எனக்கு ஆசையில்லை. எனக்கு வேண்டியது கோளங்கள்.

ரசீது, மாதிரி வாங்கிய ரசீது, 14 படங்கள், 60 உருப்படிகளுக்கும் எண் போட்டு எழுதிய அளவுத் தாள் ஆகியவற்றை இதோடு இணைத்திருக்கிறேன். மாதிரி உருப்படியைப் பட்டறையில் வெள்ளி நிறுக்கும் தராசுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வளையத்தை ஒப்பிட்டுப் பார்க்க அது உங்களுக்குத் தேவைப்பட்டால் சொல்லுங்கள், என் செலவிலேயே கூரியரில் அனுப்பி வைக்கிறேன். வேலை முடிந்ததும் அதை மட்டும் மறக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
(கையொப்பம்)
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.