ஹம் தேருக்குக் காரில் வருவதென்றால்

ஹரோ, லண்டன்

அன்பின் குகன்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது என்று வாசித்ததும் பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். சின்னவன் என்னை விட உயர்ந்துவிட்டான்.

ஆனால் நீ எழுதிய ஒரு வரி என்னைப் போட்டுக் குடைகிறது. பெற்றோல் விற்கிற விலைக்கு ஜேர்மனியில் ஹம் நகரத்து அம்பாளின் தேருக்குக் காரில் வருவது நடக்காத காரியம் என்கிறாய். அம்மா வாய்விட்டுக் கேட்டும் நீ இப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை மச்சான். சிறி டோர்ட்முண்டில் இருந்து வருடா வருடம் கூப்பிடுகிறான். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக நின்று 11 வருடமாகிறது. அதனால் நேற்றிரவு இருந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உன் கொவென்ரியில் இருந்து டோவர் துறைமுகம் ஏறக்குறைய 280 கிலோமீற்றர். கடலுக்கு அந்தப்பக்கம், பிரான்சின் கலேயில் இருந்து ஹம் 500க்குக் கிட்ட. போய்வந்து, அங்கே ஓடித்திரிவதையும் சேர்த்தால் 1,700 என்று வை. உன் கார் கலனுக்கு 40 மைல் ஓடும் என்று முன்பு சொன்னாய். அது 100 கிலோமீற்றருக்கு 7 லீற்றர். மொத்தம் 120 லீற்றர் தேவைப்படும். லீற்றர் ஒரு பவுண் 40 பென்ஸ் என்று எடுத்தால் 168 பவுண். நீங்கள் ஐந்து பேர், ஆளுக்கு 34 பவுண்கூட வராது. விலை அதற்கு மேல் ஏறினாலும், லீற்றருக்கு 10 பென்ஸ் கூடினால் முழுப் பயணத்துக்கும் 12 பவுண்தான் கூடும். பெற்றோலுக்குப் பயந்து அம்மாவை மறிக்காதே.

காசு உண்மையில் கடலைக் கடக்கத்தான் போகிறது. அதை முந்திப் பதிந்துவிடு. கிழமை நாளில், இரவுக் கப்பலில் பார்த்தால் விலை நன்றாக இறங்கும். போக்ஸ்ரனில் இருந்து சுரங்க ரயில் 35 நிமிடத்தில் கொண்டுபோய் விடும், ஆனால் காரோடுதான் இருக்க வேண்டும். கப்பல் ஒன்றரை மணித்தியாலம். அம்மாவின் முழங்காலுக்குக் கப்பல்தான் நல்லது, எழுந்து நடந்து கால் நீட்டலாம்.

அடுத்தது பாதை. கலேயில் இருந்து டன்கேர்க் பக்கமாகப் பெல்ஜியத்துக்குள் நுழைந்து, கென்ற், அன்ற்வேப்பன், ஐந்தோவன், வென்லோ, டூயிஸ்பேர்க் என்று போனால் ஓர் இடத்திலும் ரொல், அதுதான் வீதிக் கட்டணம், இல்லை. பாரிஸ் பக்கம் போகிறவர்களுக்குத்தான் அந்தச் செலவு. அன்ற்வேப்பனில் கென்னடி சுரங்கத்தையே எடு, வடக்கே உள்ள மற்றதற்குக் காசு கேட்பார்கள். அந்த நகரத்துக்குள் இறங்குவதென்றால் வெளிநாட்டுக் காரை முன்கூட்டியே இணையத்தில் பதிய வேண்டும். சுற்றுவீதியோடு போனால் அந்தப் பிரச்சினை இல்லை.

எங்கே பெற்றோல் அடிப்பது என்பதில்தான் உனக்கு மிச்சம் பிடிக்கலாம். பெற்றோல் எல்லா நாட்டிலும் ஒன்றுதான், விலையை மாற்றுவது வரி. இங்கே 2022 மார்ச்சில் ஐந்து பென்ஸ் குறைத்தபோதுகூட லீற்றருக்கு 52.95 பென்ஸ் வரி இருந்தது, அதற்கு மேல் 20 வீதம் வற். ஒல்லாந்தில் வரி மிகக் கூட, அங்கே அடிக்கவே அடிக்காதே. கொவென்ரியில் சுப்பர்மார்க்கெற்றில் தாங்கியை நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்டால் அன்ற்வேப்பன் தாண்டும் வரை தாங்கும். ஒல்லாந்து எல்லைக்கு முன் ரூர்ன்ஹவுற் என்று ஓர் ஊர் வரும், அங்கே மோட்டர்வேயை விட்டு இறங்கி நிரப்பு. பெல்ஜியத்தில் உச்ச விலையை அரசாங்கம் கட்டிவைத்திருக்கிறது. மோட்டர்வேக் கடைகள் அந்த உச்சத்திலேயே நிற்கும், ஊருக்குள் கழித்துக் கொடுப்பார்கள். ஜேர்மனியிலும் இதே கதைதான். மோட்டர்வே ஓரத்து நிலையத்தை விட, வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் 'ஓட்டோஹோவ்' என்று பலகை போட்ட இடம் மலிவு. அந்த நாட்டில் 2013இல் இருந்து ஒவ்வொரு நிலையமும் விலை மாற்றத்தை உடனே அறிவித்தாக வேண்டும், அதனால் போனிலேயே பார்த்துவிடலாம்.

பம்பில் ஒரு விசயம் கவனம். மூன்று வருடத்துக்கு முன் பாரிசில் மச்சாள் வீட்டுக்குப் போகும்போது, விடியப்புறம் மூன்று மணி, ஆளில்லாத பம்ப். 'கசோல்' என்று எழுதியிருந்ததைப் பெற்றோல் என்று நினைத்து எடுத்துவிட்டேன். குழாய் உள்ளே போகவில்லை. திருப்பித் திருப்பி இடித்துப் பார்த்தேன். பிறகுதான் பக்கத்தில் சதுரத்துக்குள் 'பி7' என்று இருந்ததைக் கண்டேன். கசோல் என்றால் டீசல். டீசல் குழாய் தடிப்புக் கூட, பெற்றோல் காரின் வாய்க்குள் இறங்காது, அன்று அதனால்தான் தப்பினோம். டீசல் காருக்குப் பெற்றோல் குழாய் சுகமாக இறங்கிவிடும், சிறியின் காரை நீ எடுத்து ஓடினால் நினைவில் வை. நிறத்தை நம்பாதே. வட்டத்துக்குள் 'ஈ5', 'ஈ10' என்றால் பெற்றோல், சதுரத்துக்குள் 'பி7' என்றால் டீசல், ஐரோப்பா எங்கும் இதுதான். தப்பித்தவறி மாறி அடித்துவிட்டால் எஞ்சினை ஸ்ராட் பண்ணாதே.

ஆளில்லாத பம்பில் வங்கிக் காட்டைப் போட்டால் நூறு யூரோவுக்கு மேல் பிடித்துவைத்துவிட்டு, நாலைந்து நாள் கழித்து மிச்சத்தை விடுவார்கள். கணக்கில் கொஞ்சம் காசு விட்டுவை. பவுணிலா யூரோவிலா என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே அமத்து, பவுண் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை.

பெற்றோல் அடித்துவிட்டு வெளியே வரும் அந்த ஒரு நிமிடம்தான் முழுப் பயணத்திலும் எனக்குப் பயம். பாதை வெறிச்சென்று இருக்கும், கை தன்பாட்டில் இடது பக்கம் திருப்பிவிடும். போன வருடம் பெல்ஜியத்தில் அப்படித்தான் ஏறினேன். நூறு யார் தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், எதிரே இரண்டு வெளிச்சம். மனைவி என் தோளில் அடித்துக் கத்திய சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது. அன்று தொடக்கம் நிலையத்தை விட்டு வெளிக்கிடும்போது பக்கத்தில் இருப்பவர் 'வலது' என்று வாய்விட்டுச் சொல்லாமல் நான் காரை எடுப்பதில்லை. உன் மகனிடம் அந்த வேலையைக் கொடு.

வேகத்தையும் அடக்கி ஓடு. 130இல் ஓடும்போது என் கார் 100 கிலோமீற்றருக்கு 7.8 லீற்றர் குடிக்கிறது, 110இல் 6.4. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும் என்று பௌதிக வாத்தியார் கரும்பலகையில் போட்டது நினைவிருக்கா? கூரையில் பெட்டி கட்டாதே. ஐந்து பேரும் சாமானும் ஏறினால் ரயருக்குக் காற்றுக் கூட வேண்டும், அளவு கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஒல்லாந்து மோட்டர்வேயில் காலை ஆறில் இருந்து மாலை ஏழு வரை பொதுவாக 100தான். ஜேர்மனியில் வாகனம் தேங்கினால், இடது வரிசை இடது ஓரமாகவும் மற்றவை வலதாகவும் ஒதுங்கி அம்புலன்சுக்கு நடுவில் வழி விட வேண்டும், அது சட்டம்.

காரில் இருக்க வேண்டியவை: எந்த நாட்டுக் கார் என்று காட்டும் பழைய ஜிபி ஸ்ரிக்கரை உரித்துவிட்டு யூகே ஸ்ரிக்கர் (2021 செப்டெம்பரில் மாறிவிட்டது), எச்சரிக்கை முக்கோணம், கைக்கெட்டும் இடத்தில் மஞ்சள் மேலங்கி, முதலுதவிப் பெட்டி, முன்விளக்குக்கு ஒட்டும் தாள், காரின் பதிவுப் பத்திரம். காப்புறுதிக்கு முன்னைய பச்சை அட்டை தேவையில்லை. அம்மாவிடம் இன்னும் இலங்கைப் பாஸ்போட்தானே? ஷெங்கன் விசாவுக்கு இன்றே நாள் எடு, மற்ற எல்லாவற்றையும் விட அதற்குத்தான் காலம் வேண்டும்.

சாப்பாடு பற்றியும் சொல்ல வேண்டும். அம்மா ஆட்டிறைச்சிக் கறி வைத்துக் கட்டித் தருவா. 2021 தொடக்கம் இங்கிருந்து இறைச்சியோ பாலோ அங்கே கொண்டுபோக ஏலாது, கலேயில் எடுத்து எறிந்துவிடுவார்கள். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டட்டும், போத்தலில் வெறும் தேத்தண்ணி. கறி சிறி வீட்டில் காத்திருக்கும்.

தேருக்கு அடுத்த நாள் அம்பாளுக்குக் கால்வாயில் தீர்த்தம். கரையில் புல் மேடு, அம்மாவுக்கு மடிக்கதிரை ஒன்று காரில் போட்டுக்கொண்டு வா. எந்தக் கப்பல் என்று எழுது, நானும் அதிலேயே பதிகிறேன். டோவரில் உன் காருக்குப் பின்னால் வந்து நிற்பேன்.

அன்புடன்,
நேசன்